தோம்பு முதல் டின் நம்பர் வரை: எங்கட கணக்கை எழுதுறது ஆர்?

போன ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்புத்துறையில் எங்கட கூட்டாளி ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மேசையில் ஒரு மடிக்கணினி, ரெண்டு வங்கிப் புத்தகம், ஒரு பழைய பிஸ்கட் ரின் நிறைய ரசீது. அவளின் மாமா தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. சம்பளம் மாதம் 200,000 ரூபா. மேல்மாடி வாடகைக்கு விட்டிருக்கு, அது மாதம் 40,000. "பிள்ளையள், நீங்கள் கம்பசில படிக்கிறியள்தானே, இந்த வருசம் எனக்கு எவ்வளவு வரி வரும் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" எண்டார். நாங்கள் கலைப்பீடம். வரலாறும் பொருளியலும் படிக்கிற ஆக்களிட்டை வரிக் கணக்குக் கேட்கிறது பல் வைத்தியரிட்டைக் கண்ணைக் காட்டுற மாதிரித்தான். ஆனாலும் பிளேன்ரீயும் வடையும் வந்துவிட்டதால் மறுக்க முடியவில்லை.

மாமாவிடம் ஏற்கெனவே மூன்று வழி இருந்தது. ஒன்று, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு எக்செல் தாள். ரெண்டாவது, தொலைபேசியில் இறக்கி வைத்திருந்த ஒரு வரிக் கணிப்பான். மூன்றாவது, சந்தியில் இருக்கிற கொமினிக்கேசன் கடை. அடையாள அட்டையையும் கடவுச்சொல்லையும் குடுத்தால் அவங்களே எல்லாம் செய்து தருவாங்களாம். "எதை நம்புறது?" என்பதுதான் அவரின் உண்மையான கேள்வி.

எக்செல் தாள் 223,200 ரூபா எண்டு காட்டியது. கணிப்பான் 74,400 எண்டது. நாங்கள் சட்டத்தைப் பார்த்துக் கையால் கூட்டியபோது 57,600 வந்தது. ஒரே மனிசன், ஒரே வருமானம், மூன்று விடை. கடைசியில் இந்த மூன்றுமே பிழை எண்டு தெரிந்தது. அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறோம். இந்த மூன்று இலக்கத்துக்கும் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வீட்டு வரிக் கணக்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி எங்களுக்குப் புதுசு. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற கேள்வி மிகப் பழசு. எங்கட காணியையும் தலையையும் தேட்டத்தையும் கொப்பியில் எழுதுறது ஆர்? அரசாங்கத்தின் ஆளா, இடையில் நிற்கிற ஆளா, நாங்களா?

யாழ்ப்பாணத்தில் இதற்குக் கிடைக்கிற பழைய பெயர்களில் ஒன்று தோம்பு. சொல்லே போர்த்துக்கேயச் சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தபிறகு, இங்கே என்ன வருமானம் வரும் எண்டு அவர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். 1645இல் எழுதப்பட்ட வருமானப் பதிவேடு ஒன்றைத்தான் பின்னால் போல் பீரிஸ் ஆங்கிலத்தில் எடுத்தெழுதி 1920இல் நூலாக வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி நாங்கள் வகுப்பில் படிக்கிற பல விசயம் ஒரு வரிக் கணக்கிலிருந்து வந்தது எண்டு யோசித்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆர் இருந்தார்கள், என்ன விளைந்தது, ஆரிடம் எவ்வளவு காணி இருந்தது எண்டதெல்லாம் வரி எடுக்கவேணும் எண்ட தேவைக்காக எழுதப்பட்டவை. அந்த மனிசர் என்ன பாடினார்கள், எதுக்கு அழுதார்கள் எண்டு தோம்பு எழுதவில்லை.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் இன்னும் ஒழுங்கான கணக்குக்காரர். நிலவரி, தலைவரி, விளைச்சலில் பத்திலொன்று, அதிகாரி வரி எண்டு வேறுவேறு பேரில் எடுத்தார்கள். காசாகக் குடுக்க முடியாத பலர் ஊழியம் எண்ட பேரில் உடம்பால் குடுத்தார்கள். எந்தச் சாதிக்கு எந்த வேலை, எந்த வரி எண்டதும் அதே பதிவில் இறுகிப் போனது. தோம்பை வெறும் பட்டியல் எண்டு நினைக்கிறது பிழை. ஒருமுறை பேர் ஏறிவிட்டால் அந்தப் பேரோடு வந்த கடமையும் பிள்ளைக்குப் போகும். பள்ளித் தோம்பில் பேர் இருந்தால்தான் திருமணமும் உரித்தும் சட்டப்படி செல்லும் எண்ட நிலை இருந்ததால், சனம் மனதில் சிவனை வைத்துக்கொண்டு கொப்பியில் கிறிஸ்தவராகப் பதிந்த கதையும் எங்கட ஊர்களில் உண்டு. கணக்குக் கொப்பிக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம் என்ற பழக்கம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை.

இதே ஒல்லாந்தர்தான் 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை எழுத, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்த்துச் சரி எண்டார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கிற அந்த வழக்கம் இன்றைக்கும் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ, மாமாவின் கணக்குக்கு இது தேவைப்படும்.

பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபிறகு செய்த ஒரு பரிசோதனை எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பிரெடெரிக் நோர்த் ஆளுநராக இருந்தபோது நகை அணிவதற்கு ஒரு வரி போட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பேர் 'ஜோய் வரி'. மகிழ்ச்சிக்கு வரி எண்டு நினைக்கவேண்டாம். போர்த்துக்கேயத்தில் ஜோயா எண்டால் நகை. கழுத்தில் கிடக்கிற கொடிக்கு அனுமதிப் பத்திரம் எடு எண்டால் எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? கடும் எதிர்ப்பு வந்து அந்த வரி நிலைக்கவில்லை.

பிறகு வந்தவற்றில் நெல்வரிதான் நீண்டகாலம் இருந்தது. விளைச்சலை மதிப்பிடுகிற வேலையும் அறவிடுகிற உரிமையும் பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டது. அதாவது அரசாங்கத்துக்கு முன்பணம் கட்டி வரி எடுக்கிற உரிமையை ஒருவர் ஏலத்தில் வாங்குவார். பிறகு கமக்காரரிடம் எவ்வளவு பிடுங்கலாமோ அவ்வளவும் அவருக்கு. அந்த வரி 1892இல் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் ஒழிக்கப்பட்டது. 1848இல் இன்னொரு சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேணும், இல்லாட்டிக் காசு கட்டவேணும். அந்த ஆண்டு நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி வந்து, தெற்கில் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சியே நடந்தது.

இந்தக் காலம் முழுக்க ஒரு சாதாரண ஊர்ச் சனத்துக்கு வரி எண்டால் ஒரு முகம். உடையார், விதானையார், அவர்களுக்கு மேலே மணியகாரர், அதற்கும் மேலே கச்சேரியில் இருக்கிற ஏசண்டுத் துரை. 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தில் ஏசண்டராக இருந்த டைக், பழைய பூங்காவில் இருந்துகொண்டு ஒரு சிற்றரசர் மாதிரி ஆண்டவர். கொழும்புத்துறையிலிருந்து கச்சேரிக்குச் சைக்கிளில் போனால் கொஞ்ச நேரந்தான். அவ்வளவு கிட்ட இருந்தும், சனத்துக்கும் கச்சேரிக் கொப்பிக்கும் இடையில் எப்பவும் எழுத வாசிக்கத் தெரிந்த ஒரு இடையாள் தேவைப்பட்டார். விண்ணப்பம் எழுதிக் குடுக்கிறவர், நொத்தாரிசின் கிளாக்கர், ஊர் விதானையார். அவர் நல்லவர் எண்டால் பிழைத்தோம். சந்தியில் இருக்கிற கொமினிக்கேசன் கடைத் தம்பி வானத்திலிருந்து விழுந்தவர் இல்லை. அவர் அந்தப் பரம்பரையில் கடைசி ஆள்.

இப்ப வருமான வரிக்கு வருவோம். இலங்கையில் அது 1932இல் வந்தது, அந்த ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலையும் றப்பரும் விழுந்து, ஏற்றுமதியை நம்பியிருந்த திறைசேரி காய்ந்துபோன நேரம். அதற்கு முந்தைய ஆண்டுதான் டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஸ்கரிக்கச் சொன்னது. டொனமூர் தருவது முழுச் சுயராச்சியம் இல்லை என்பது அவர்களின் வாதம். ஹண்டி பேரின்பநாயகமும் அவரின் கூட்டாளிகளும் எங்களை விடச் சில வயதுதான் கூட. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிக்கும் ஒருவருமே வேட்புமனு போடவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே இருந்தன.

இதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் திக்கென்றது. நாடு முதன்முதலாக வருமான வரி போட்டபோது, குடாநாட்டுக்காகப் பேச சபையில் ஒரு கதிரையிலும் ஆள் இல்லை. வாலிபர் காங்கிரசை நாங்கள் பெருமையோடு படிக்கிறவர்கள். சாதிக்கு எதிராகச் சமபந்தி வைத்ததும், காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் சும்மா வேலை இல்லை. அந்தப் பெருமை அப்படியே இருக்கட்டும். ஆனால் பகிஸ்கரிப்பின் விலை என்ன எண்டு கேட்கிறபோது அரசியல் விலையை மட்டும் பேசுகிறோம். வரிச் சட்டம், வரவு செலவுத் திட்டம், வீதிக்கு ஒதுக்கின காசு எண்டதுகளில் என்ன விலை குடுத்தோம் எண்டு ஒருவரும் எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தரவில்லை.

தொடக்கத்தில் வருமான வரி ஒரு சிலருக்குத்தான். தோட்ட முதலாளி, பெரிய வியாபாரி, மேல்மட்டச் சம்பளக்காரர். யாழ்ப்பாணத்தில் சனம் வருமான வரியை அறிந்தது கட்டுகிறவராக அல்ல, அதிகமாக எழுதுகிறவராக. இங்கிலீசுப் பள்ளிக்கூடங்களில் படித்து கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளாக்கராகப் போன தலைமுறை அது. மற்றவனின் கணக்கை வடிவான கையெழுத்தில் எழுதித்தான் எங்கட பல கல்வீடு எழும்பியது. யோகர் சுவாமிகூட கொழும்புத்துறை இலுப்பை மரத்தடிக்கு வரமுதல் இரணைமடுவில் நீர்ப்பாசன வேலைக்குக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். சாமான் கணக்கு வைத்திருந்த மனிசன் பிறகு ஒரு கணக்கும் வைக்காமல் இருந்ததைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

1950களின் கடைசியில் ஒரு சுவாரசியமான ஆள் உள்ளே வருகிறார். நிக்கலஸ் கால்டோர். ஹங்கேரியில் பிறந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர். முதலில் இந்தியாவுக்கு ஆலோசனை சொன்னார். 1957இல் நிதியமைச்சராக இருந்த ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். பிறகு கால்டோர் இலங்கைக்கு வந்தார், இங்கேயும் அதே மாதிரி 1959இல் சட்டம் வந்தது. அவரின் யோசனை கெட்டித்தனமானது. வருமானம், சொத்து, செலவு, நன்கொடை எல்லாத்தையும் ஒரே ஆளிடம் ஒரேயடியாக எழுதி வாங்கினால், ஒன்று மற்றதைக் காட்டிக் குடுக்கும். வருமானத்தைக் குறைத்து எழுதினால் சொத்து எங்கால வந்தது? சொத்தையும் மறைத்தால் செலவு எப்படி நடந்தது? செலவு வரி ரெண்டு நாட்டிலும் நிலைக்கவில்லை. ஒரு வீடு ஒரு வருசம் என்ன செலவழித்தது எண்டு எழுதி வைக்கிற பழக்கம் எந்த வீட்டில்தான் இருந்தது? ஆனால் அந்த யோசனையின் சாயல் இன்றைக்கும் இருக்கு. வருமான வரி விபரத்திரட்டோடு சொத்துக்கள், பொறுப்புக்கள் பற்றிய கூற்று ஒன்றும் குடுக்கவேணும். காணி, வீடு, வாகனம், வங்கி மிச்சம், நகை, கையிருப்புக் காசு, கடன். பார்த்தபோது எங்களுக்குத் தோம்புதான் ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், இப்ப அதை எழுதுறது நாங்களே.

இந்த 'நாங்களே' என்பது சின்ன விசயமில்லை. சுயமதிப்பீட்டு முறை இலங்கைக்கு 1970களில் வந்தது. அதுவரைக்கும் விபரத்தைக் குடுத்தால் கணக்கை மதிப்பீட்டாளர் போடுவார். சுயமதிப்பீடு வந்தபிறகு கணக்கும் உன்னுடையது, பிழையும் உன்னுடையது. பிரித்தானியாவுக்கு இது 1996இல்தான் வந்தது. வரிக் கந்தோரின் வேலையில் ஒரு பங்கு வீட்டு மேசைக்கு மாறினபிறகுதான் வீட்டு வரி மென்பொருள் என்ற சாமானுக்கே சந்தை உண்டாகும்.

அந்தச் சந்தை பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. 1980களின் நடுவில் மைக்கல் சிப்மன் என்பவர் எழுதியதுதான் ரேர்போரக்ஸ். 1993இல் அதை இன்ருயிற் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1986இல் அமெரிக்க வரித் திணைக்களம் இலத்திரனியல் முறையில் விபரத்திரட்டு வாங்கத் தொடங்கியிருந்தது. நல்ல விசயந்தானே எண்டு தோன்றும். ஆனால் 2002இல் ஒரு உடன்பாடு நடந்தது. குறைந்த வருமானக்காரருக்கு நிறுவனங்கள் இலவசமாகச் செய்து குடுக்கும், பதிலுக்கு அரசாங்கம் தன்ர சொந்த மென்பொருளைச் செய்யாது. அந்த இலவச வழியைத் தேடுபொறியிலிருந்தே மறைத்து, சனத்தைக் காசு கட்டுகிற பக்கத்துக்குத் தள்ளினதை 2019இல் புரோபப்ளிக்கா ஊடகம் அம்பலப்படுத்தியது. 2022இல் இன்ருயிற் 50 மாநிலங்களோடும் 141 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. 2024இல் அரசாங்கமே 12 மாநிலங்களில் தன்ர இலவசச் செயலியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு 25 மாநிலமாக்கி, பிறகு ஆட்சி மாறக் கைவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்வரியைக் குத்தகைக்கு விட்டதும் இதுவும் ஒன்றில்லைத்தான். ஆனாலும் அரசுக்கும் குடிக்கும் இடையில் ஒரு படலை போட்டு அதில் நின்று காசு வாங்கிற யோசனை ரெண்டிலும் ஒன்றுதான் எண்டு எங்களில் ஒருத்தர் அடிச்சுச் சொல்கிறார். மற்ற மூன்று பேருக்கும் முழுச் சம்மதமில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு இந்தத் தெரிவு நல்லாப் பழக்கம். ஏப்ரல் 30 கடைசி நாள். அங்கே அரசாங்கம் அங்கீகரித்த மென்பொருள் பலது. சிலது காசு, சிலது விரும்பினதைக் குடு எண்டிருக்கும். 1971இலிருந்து தொண்டர்கள் இலவசமாகச் செய்து குடுக்கிற ஒரு திட்டமும் இருக்கு. எங்கட கூட்டாளியின் சித்தி ஸ்கார்பரோவிலிருந்து தொலைபேசியில் சொன்னது இது: "நான் முதல் ஒரு தமிழ் ஆளிட்டைக் குடுத்துத்தான் செய்தனான். பிறகு பிள்ளைதான் சொஃப்ட்வெயரில செய்தவள். இப்ப நானே செய்யிறன். காசு திரும்பி வருதெல்லோ, பிழைவிட ஏலாது." அந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். அங்கே பிள்ளைக்கான கொடுப்பனவே விபரத்திரட்டுப் போட்டால்தான் வரும். படிவம் நிரப்புறது காசு வாங்கிற வழி. இங்கே படிவம் எண்டால் காசு போகிற வழி.

இங்கே நம்பிக்கை இல்லாமல் போனதுக்கு வேறு காரணங்களும் இருக்கு. 1956க்குப் பிறகு கந்தோருக்கு எந்த மொழியில் எழுதினால் பதில் வரும் எண்டதே ஒரு கேள்வியானது. யுத்த காலத்தில் ஒரே வீடு ரெண்டு அதிகாரத்துக்குக் கட்டியது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு ரெண்டு பவுண் எண்டு புலிகள் வாங்கினதை எங்கட அம்மாமார் இன்றைக்கும் கதைப்பினம். திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கினார்கள். 2002 சமாதான காலத்தில் ஏ9 பாதையால் வந்த சாமானுக்கெல்லாம் ஆயம் கட்டினதும் விலையில் ஏறித்தான் எங்களிடம் வந்தது. இவ்வளவும் பார்த்த ஒரு சந்ததியிடம் போய் 'உங்கட சொத்து விபரம் எல்லாத்தையும் இணையத்தில் ஏத்துங்கோ' எண்டு சொன்னால், அவர்கள் தயங்குவதை அறியாமை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் தயங்குவதற்கு இப்ப நேரமில்லை. 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள், தனிநபருக்கு வரியில்லாத எல்லை ஆண்டுக்கு 3,000,000 ரூபாவாக ஏறியது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட ஏலாது எண்டு கைவிரித்தது. 2023 ஜனவரியில் எல்லை 1,200,000 ஆக இறங்கியது, வீதம் ஆறிலிருந்து முப்பத்தாறு வரை படிப்படியாக. மார்ச்சில் நாணய நிதியத்தின் கடன். 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வரி இலக்கம் எடுக்கவேணும் எண்டார்கள். எங்கட வகுப்பில் பாதிப் பேர் பயந்துபோனார்கள். டின் எடுக்கிறதும் வரி கட்டுறதும் ஒன்றில்லை. வருமானம் எல்லைக்குக் கீழ் எண்டால் இலக்கம் மட்டுந்தான். 2025 ஏப்ரலில் எல்லை 1,800,000 ஆக ஏறியது. முதல் மில்லியனுக்கு 6 வீதம், அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18, பிறகு 24, 30, 36. அதே நாளிலிருந்து வைப்பு வட்டியில் வங்கி கழிக்கிறது 5 வீதத்திலிருந்து 10 ஆனது. வருமானம் எல்லைக்குக் கீழ் உள்ளவர் டின்னோடு ஒரு சுயபிரகடனம் குடுத்தால் கழிக்கமாட்டினம். நிலையான வைப்பை நம்பியிருக்கிற அம்மம்மா, அம்மப்பாமாருக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ. வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு டிசைனும் கோடிங்கும் செய்து டொலரில் வாங்குகிற நண்பர்களுக்கும் ஒரு சொல். முன்னர் விலக்காக இருந்தது, இப்ப வங்கி ஊடாக வந்தால் உச்ச வீதம் 15.

இப்ப மாமாவின் மூன்று இலக்கத்துக்கு வருவோம்.

எக்செல் தாள் 223,200 காட்டினதற்குக் காரணம், அதன் வயிற்றுக்குள் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2,880,000இலிருந்து 1,200,000ஐக் கழித்து, மிச்சம் 1,680,000க்குப் பழைய படிகளில் வரி போட்டிருந்தது. வடிவான நிறம், மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, ஆனால் எந்த ஆண்டுக்கு எண்டு ஒரு இடத்திலும் இல்லை. ஆர் செய்தது எண்டும் இல்லை. தொலைபேசிக் கணிப்பான் புதிய சட்டத்தைத்தான் வைத்திருந்தது. 2,880,000இலிருந்து 1,800,000 போக 1,080,000. முதல் மில்லியனுக்கு 60,000, மிச்சம் 80,000க்கு 18 வீதப்படி 14,400. கூட்டினால் 74,400. ஆனால் அது வாடகையையும் சம்பளத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டது. வாடகை வருமானத்தில் திருத்த வேலைக்கு எண்டு 25 வீதம் கழிக்கச் சட்டம் விடுகிறது. 480,000 வாடகையில் 360,000தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் 960,000க்கு 6 வீதம், 57,600. சம்பளத்தில் நிறுவனம் மாதம் 3,000 படி ஏற்கெனவே 36,000 கழிக்கும். மிச்சம் 21,600, நாலு தவணை. கடதாசியில் எழுதி அடிக்கோடு போட்டு மாமாவிடம் நீட்டினோம். எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. கணக்கை எப்படிப் போட்டது எண்டு காட்டாத எதையும் நாங்கள் நம்பமாட்டோம், அது எக்செல்லோ செயலியோ ஆளோ. எந்த ஆண்டுச் சட்டம் எண்டு முகப்பில் எழுதியிருக்கவேணும். கடைக்குக் குடுக்கிறதைப் பொறுத்தவரை, கடைத் தம்பி நல்ல பொடியனாகவே இருக்கட்டும், கடவுச்சொல் குடுக்கிறது கூடாது. பக்கத்தில் இருந்து செய்விக்கலாம், கையெழுத்து வைத்த வெற்றுக் கடதாசியை ஒருத்தரும் ஒருவரிடமும் குடுப்பதில்லையே. திணைக்களத்தின் இணையத்தளம் சிக்கலானதுதான், அந்த முறைமைமேல் பாராளுமன்றக் குழுக்களே குறை சொல்லியிருக்கு. எண்டாலும் கடைசியில் விபரத்திரட்டு போய்ச் சேருகிற இடம் அதுதான். இடையில் எதைப் பாவித்தாலும் அங்கே ஏறினது என்ன எண்டு உன்ர கண்ணால் பார்க்கவேணும், பிரதி எடுத்து வைக்கவேணும்.

நாங்கள் இப்படி நீட்டி முழக்கிக்கொண்டிருக்க, அவ்வளவு நேரமும் விறாந்தை மூலையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மம்மா தலையை நிமிர்த்தினா.

"உந்த வீடு ஆரின்ர?"

"என்னம்மா, எங்கட வீடுதானே" எண்டார் மாமா.

"உங்கட வீடோ? இது அவளுக்குக் குடுத்த சீதன வீடு. உறுதி அவளின்ர பேரில. வாடகையும் அவளின்ர புத்தகத்திலதான் விழுகுது. நீ ஏன் உன்ர பேரில எழுதுறாய்?"

ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. சீதன உறுதி அலுமாரியில் இருந்து வந்தது. பரப்பும் குழியும் நாலு எல்லையும் எழுதின உறுதி, மாமியின் பேர். வாடகை ஒப்பந்தத்திலும் மாமியின் கையெழுத்து. வரிச் சட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனி ஆள். அப்படியெண்டால் வாடகை 480,000 மாமியின் வருமானம். அவவுக்கு வேறு வருமானம் இல்லை, எல்லை 1,800,000. வரி ஒரு சதமும் இல்லை. மாமாவுக்குச் சம்பளம் மட்டும், 2,400,000இல் 1,800,000 போக 600,000, அதற்கு 6 வீதம் 36,000. அதை நிறுவனமே கழித்துவிடும். மிச்சம் கட்ட ஒன்றுமில்லை. எக்செல்லும் கேட்கவில்லை, செயலியும் கேட்கவில்லை, வரலாறு படிக்கிற நாங்கள் நாலு பேரும் கேட்கவில்லை. தேசவழமையைப் பரீட்சைக்கு மூன்று பக்கம் எழுதினவர்கள் நாங்கள்.

சட்டப்படி இன்னும் நுணுக்கம் இருக்கு. கலியாணத்துக்குப் பிறகு தனிச் சொத்திலிருந்து வருகிற ஆதாயத்தைத் தேசவழமை தேடிய தேட்டத்துக்குள்ளும் பார்க்கிறது. அதனால் உறுதியையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு விசயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுங்கோ எண்டு மாமாவிடம் சொன்னோம். அவர் சரி எண்டார். சொத்துக் கூற்றில் வீட்டையும் நகையையும் தன்ர பேரில் எழுத வைத்திருந்த பக்கத்தை மெல்லமாகக் கிழித்துப் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டார்.

மாமி உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தா. மாமிக்கு இன்னும் டின் இல்லை. அன்றைக்குப் பின்னேரமே அவவின் அடையாள அட்டையை வைத்து விண்ணப்பத்தைத் தொடங்கினோம். தொழில் எண்ட பெட்டியில் என்ன போடுறது எண்டு கேட்டோம். மாமா 'வீட்டுப் பணி' எண்டு போடச் சொன்னார். மாமி கொஞ்சம் யோசித்தா.

"வீட்டுச் சொந்தக்காரி எண்டு போட ஏலாதோ?"

அந்தப் பட்டியலில் அப்படியொன்று இருக்கவில்லை.